ஓடா நாடாவும் காதற்ற ஊசியும்: வழக்கொழிந்த கருவிகளுக்கு விளையாட்டுப் பெயர் கட்டும் விதம்

ஒரு கேசட்டை எடுத்து, நாடா தெரியும் வாய் கீழே இருக்கும்படி பிடியுங்கள். மேல்விளிம்பின் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு சின்னப் பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். நம்மைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு உரியது இடது ஓரத்தில் இருப்பது. அதை ஒடித்துவிட்டால் ரெக்கார்டருக்குள் இருக்கும் சிறு கம்பி அந்தக் குழியில் இறங்கிவிடும், ரெக்கார்டு பட்டன் அமுங்காது. அந்தப் பக்கத்தில் இருப்பதை யாரும் கைதவறி அழித்துவிட முடியாது. பிறகு மனம் மாறினால் குழியின்மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். குரோம் நாடாக் கேசட்டுகளில் இந்தத் தடுப்பை ஒட்டியே இன்னொரு பள்ளம் இருக்கும். அது நாடாவின் வகையைச் சொல்வதற்காக. அதையும் சேர்த்து ஒட்டி மூடிவிட்டால், வகையைத் தானே கண்டுகொள்ளும் ரெக்கார்டர்கள் அதைச் சாதாரண நாடா என்று எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தடுப்பை ஒடிப்பதற்கு "லாக்கை உடைச்சிட்டேன்" என்பதுதான் பேச்சு. அதற்குப் பதிலாகக் 'காதறுத்தல்' என்று வைத்துப் பாருங்கள். "பாட்டி பேசினது அந்தக் கேசட்டுல இருக்கு, காதறுத்து வச்சிருக்கோம்." செய்தவர்களுக்கு உடனே புரியும். செய்யாதவர்கள் "கேசட்டுக்கு ஏது காது?" என்று கேட்பார்கள், நாம் எடுத்துக் காட்டுவோம். இந்தக் கேள்வியை வரவழைப்பதுதான் விளையாட்டுச் சொல்லின் வேலை. ஒலிநாடா, நெகிழ்வட்டு, தொலைநகல் போன்ற கலைச்சொற்கள் கருவி உயிரோடு இருந்த காலத்தில் அதன் பயனைச் சொல்லப் பிறந்தவை. அவற்றோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் பயன் போன பிறகு பயனைச் சொல்லும் பெயருக்குப் பிடிமானம் கிடையாது. மிஞ்சி நிற்பவை கை செய்த செய்கை, காதில் விழுந்த ஓசை, கருவி கோளாறு பண்ணிய விதம், ஓய்ந்த பிறகு அது பார்த்த இரண்டாவது வேலை ஆகியவைதான். புதுச்சொல் இந்த நான்கில் ஒன்றிலிருந்து பிறந்தால் நிற்கும்.

தானாகப் பிறந்த சொற்கள் சொல்லித் தருபவை

தமிழ்ப் பேச்சு இந்த வேலையை யாரும் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறது. தந்தி என்பது முதலில் யாழின், வீணையின் நரம்பு. பிறகு கம்பிவழிச் செய்திக்குப் பெயரானது. இந்தியாவில் 2013 ஜூலையோடு தந்திச் சேவை நின்றுவிட்டது. ஆனாலும் குளிரில் பல் தந்தியடிப்பது நிற்கவில்லை. தந்தி அடிக்கும் மோர்ஸ் விசையின் படபடப்பும் பல் மோதும் ஓசையும் ஒன்றாக இருந்ததால் சொல் பிழைத்துக்கொண்டது. ஓசையில் ஊன்றிய சொல்லுக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ரீல் இன்னும் சுவையானது. "ரீல் விடாதே", "ரீல் அந்து போச்சு" என்பவற்றைப் படச்சுருளைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் சொல்கிறார்கள். இப்போது குட்டி வீடியோக்களுக்கும் ரீல்ஸ் என்றே பெயர். இரண்டும் மோதியிருக்க வேண்டும், மோதவில்லை. ஏனென்றால் பழைய ரீலை 'விடுகிறோம்', புதிய ரீல்ஸைப் 'போடுகிறோம்'. பொருளைக் காப்பாற்றுவது வினைச்சொல். படம் காட்டுவது, கொசுவத்தி சுத்துவது எல்லாமே இப்படித்தான். கொசுவத்தி என்பது பழைய நினைவில் மூழ்குவதற்குத் தமிழ் வலைப்பதிவர்கள் வைத்த பெயர். படங்களில் கடந்தகாலக் காட்சிக்கு முன்னால் திரையில் சுழலும் சுருளின் வடிவத்திலிருந்து எடுத்தது. பெயர்ச்சொல்லை மட்டும் கட்டிவிட்டு நிறுத்துபவர்களின் சொல் பெரும்பாலும் ஒரு வாரம் தாண்டாது. கூடவே ஒரு வினையையும் தர வேண்டும்: அடி, விடு, சுத்து, காட்டு, அறு, சரி. ஏற்கெனவே நாக்கில் பழகிய வினையாக இருப்பது நல்லது.

வேறொரு வகையும் உண்டு. தொடுதிரை வந்த பிறகு பழைய கைபேசி 'பட்டன் போன்' ஆனது. பேசும் படம் வந்த பிறகு முந்தையது ஊமைப்படம் ஆனது. பந்துமுனைப் பேனா வந்த பிறகு 'இங்க் பேனா' என்று தனியாகச் சொல்ல வேண்டி வந்தது. புதியது வந்து பழையதற்கு அடைமொழி சூட்டும் இந்த முறை எளிது. ஆனால் இங்கேயும் வெற்றி பெற்ற பெயர்களைப் பாருங்கள்: எதிலும் 'பழைய' என்ற சொல் இல்லை. பட்டன் என்பது விரல் உணர்ந்த உறுப்பு, ஊமை என்பது காது உணர்ந்த குறை. 'பழ' என்று தொடங்கும் புதுச்சொற்களை நான் பார்த்தவுடனே ஒதுக்குவேன். 'பழந்தட்டு' என்று இசைத்தட்டுக்குப் பெயர் வைத்தால் கேட்பவர் பழங்களை அடுக்கிய தட்டைத்தான் நினைப்பார்.

இன்னும் பின்னால் போனால் ஓலை நிற்கிறது. மடல் பனையிலிருந்து வந்தது, இன்று மின்மடலாக ஓடுகிறது. ஏடு ஓலையிலிருந்து வந்தது, நாளேடாகவும் குறிப்பேடாகவும் இருக்கிறது. செத்த ஊடகத்தின் உறுப்புப் பெயரை எடுத்துப் புதிய ஊடகத்துக்கு வைப்பது நம்மிடம் பழகிய வழி. அதனால் கேசட்டின் உறுப்புகளுக்கு இன்று பெயர் வைப்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் நாளை எதற்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உயிருள்ளதும் ஓய்ந்ததும்

இலக்கணத்தில் இரண்டு அச்சுகள் இந்த வேலைக்கென்றே செய்து வைத்தவை போல இருக்கின்றன. ஒன்று வினைத்தொகை: ஊறுகாய், சுடுகாடு, குடிநீர், வளர்பிறை. இதில் காலம் மறைந்து நிற்கும். ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் மூன்றும் அதுவே. மற்றொன்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்: செல்லாக்காசு, வாடாமல்லி, தீராப்பகை. பெயர் நீளமாக இருந்தாலும் பயன்படுத்துவது எளிது. வேலை செய்யும் கருவிக்கு முதல் அச்சு, ஓய்ந்த கருவிக்கு இரண்டாவது.

சுழல்தட்டு, சுழலாத்தட்டு. பேசுபெட்டி, பேசாப்பெட்டி. ஓடு நாடா, ஓடா நாடா. ஒரே வேரிலிருந்து இரண்டு பெயர்கள் கிடைத்துவிடுகின்றன. பரணில் கிடப்பது சுழலாத்தட்டு. ஊசி வைத்ததும் பாடினால் அது மறுபடி சுழல்தட்டு. இன்னொரு வசதி, 'நாடா' என்ற சொல்லுக்கே 'விரும்பித் தேடாத' என்ற பொருளும் உண்டு. ஆகவே யாரும் தேடாத கேசட் நாடாவுக்கு 'நாடா நாடா' என்ற பெயர் தானாகவே அமைகிறது. இப்படி மொழி தானே கொடுக்கும் சிலேடையை விடக் கூடாது. வலிந்து கட்டும் சிலேடையைத் தொடக் கூடாது.

ஒற்றில் தவறினால் எல்லாம் கெட்டுவிடும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் மிகும். 'சுழல்த்தட்டு' என்று எழுதினால் கண்ணுக்கே உறுத்தும். உறுத்தாமல் பொருளை மாற்றிவிடும் இடங்கள்தான் ஆபத்து. பழைய டிவியை அணைத்ததும் படம் சுருங்கி, திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சிலநொடி நின்று மறையும். எலக்ட்ரான் கற்றையைத் திரை முழுவதும் அலைய வைக்கும் சுற்று நின்றுவிட்டாலும் குழாயில் உயர் மின்னழுத்தம் மிச்சம் இருப்பதால் கற்றை ஒரே இடத்தில் விழுவதுதான் காரணம். பின்னாளில் வந்த டிவிகளில் அந்தப் புள்ளியை உடனே அணைக்கத் தனிச் சுற்று வைத்துவிட்டார்கள். அந்தப் புள்ளிக்கு 'அணைபொட்டு' என்று பெயர் வைக்கலாம்; அணைந்த, அணைகிற, அணையும் பொட்டு. இதில் ஒரு ப் சேர்த்து 'அணைப்பொட்டு' என்று எழுதினால் அணைக்கட்டில் வைத்த பொட்டு ஆகிவிடும்.

விகுதியிலும் கவனம் வேண்டும். -அன், -ஆன் என்று முடித்தால் சொல் ஆளாகிவிடும், அதுவும் ஆணாகிவிடும். கேலிக்கு அது பொருந்தும், கருவிக்கு -இ விகுதிதான் இயல்பு: பேசி, ஓட்டி, விரட்டி, விழுங்கி. -ஆண்டி என்ற முடிவு அருமையாக வேலை செய்யும் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிளாப்பியில், அதாவது நெகிழ்வட்டில், பார்ப்போம்.

கேசட்: நெருக்கத்தில்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய இந்தப் பொருளில் சொல்வளம் மிக அதிகம். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பக்கத்துக்கு அரைமணி என்றால் சுமார் 86 மீட்டர் நாடா, அதுதான் சி-60. அதே கூட்டுக்குள் சி-90-க்கு ஏறக்குறைய 129 மீட்டர் அடைபட வேண்டும் என்பதால் நாடாவை மெலிதாக்கினார்கள். சி-60-இல் ஏறத்தாழ 18 மைக்ரான் தடிமன், சி-90-இல் 12, சி-120-இல் 9. மெலிய மெலிய இழுபடும், சிக்கும். இதை அறிந்தவர்கள் சி-120 பக்கம் போக மாட்டார்கள். இந்த மெலிந்த வகைக்கு 'நோஞ்சான் நாடா' என்றால் காரணமும் பெயருக்குள் வந்துவிடுகிறது.

சிக்குவது எப்படி என்று தெரிந்தால்தான் சரியான பெயர் வரும். உலோகத் தண்டும் ரப்பர் உருளையும் நாடாவை நடுவில் பிடித்து ஒரே வேகத்தில் தள்ளுகின்றன. தள்ளியதை வலப்பக்கச் சக்கரம் உடனுக்குடன் சுற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் தளர்ந்து சக்கரம் நின்றாலோ, உருளையில் நாடாவின் பழுப்புத் தூள் படிந்து பிசுபிசுத்தாலோ, நாடா போக இடமின்றி உருளையையே சுற்றிக்கொள்ளும். மூடியைத் திறந்தால் மீட்டர் கணக்கில் வெளியே வந்து விழும். இதற்குக் 'குடல்சரிவு' என்பதே பொருத்தம். "கேசட் குடல் சரிஞ்சிடுச்சு" என்று வினையாகவும் வளைகிறது.

சரிந்தால் செய்ய வேண்டியது: முதலில் மின்சாரத்தை நிறுத்துவது. கேசட்டை வெடுக்கென்று இழுக்காமல், மாட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரலால் உருளையில் சுற்றியதை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றுவது. முறுக்கில்லாமல் நீவிவிட்டு, ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கரத்தில் செருகிச் சுற்றுவது. சக்கரத்தின் உட்புறத்தில் ஆறு பற்கள் உண்டு, பென்சிலின் ஆறு பட்டைகள் அவற்றில் பொருந்திக்கொள்ளும். உருவத்தால் பெயர் பெறும் இந்தச் சக்கரம் 'ஆறுபல்'. ஆறு பற்களை உடையது என்பது அதற்குள் மறைந்திருப்பதால் அன்மொழித்தொகை. பிறகு தண்டையும், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஒலித்தலையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். ரப்பருக்கு லேசான சோப்புத் தண்ணீரே போதும், ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் வறண்டுபோகும்.

எவ்வளவு நீவினாலும் மடிந்த இடம் மடிந்ததுதான். அந்த இடம் வரும்போதெல்லாம் நாடா ஒலித்தலையை முழுதாகத் தொடாது. குரல் ஒரு கணம் அமுங்கி எழும். அது 'பாட்டுத்தழும்பு'. பல வருடம் ஒரே கேசட்டைக் கேட்டவர்கள், அந்தப் பாட்டைப் பிறகு சுத்தமான பதிவில் கேட்கும்போதும் அந்த இடத்தில் அமுங்கலை எதிர்பார்ப்பார்கள். தழும்பு நாடாவோடு போய்விடும், எதிர்பார்ப்பு போகாது.

கேசட்டின் நுட்பமான இன்னொரு குணத்துக்கும் பெயர் வேண்டும். நீண்டநாள் சுற்றியே வைத்திருந்தால் ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால், அமைதியான இடத்தில், அதே பாட்டின் முதல் ஒலி மிக மெல்லக் கேட்கும். எதிரொலி பின்னால்தான் வர வேண்டும், இது முன்னால் வருகிறது. 'முந்துகுரல்' என்று வைக்கலாம், வினைத்தொகை என்பதால் க் மிகாது. ஒலிக்கூடங்களில் பெரிய நாடாச் சுருள்களைக் கடைசிவரை ஓடவிட்டு, பின்சுற்றாமல் அப்படியே வைப்பார்கள். அப்போது ஒட்டும் ஒலியின் பெரும்பங்கு பாட்டுக்குப் பின்னால் போய்விடும், பாட்டின் சத்தத்திலேயே மறைந்தும் விடும்.

ஊசி, தட்டு, சதுரம்

கிராமபோனின் 78 சுற்றுத் தட்டுகளுக்கு எஃகு ஊசி. ஒரு பக்கம் ஓட்டியதும் ஊசியை மாற்ற வேண்டும் என்பது விதி. முனை தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தை அரித்துவிடும். தைக்கும் ஊசியோடு ஒப்பிட்டால் இதில் நூல் கோக்கும் துளை கிடையாது. 'காதற்ற ஊசி' என்பது தமிழில் எதற்கும் உதவாத, கடைசியில் கூடவும் வராத பொருளைக் குறிக்கும் பழந்தொடர். அந்தத் தொடரைப் பாட்டுப் பாடிய ஊசிக்குத் திருப்பி வைத்தால், பழம்பொருளும் புதுப்பொருளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். புதுச்சொல் கட்டுவதைவிட, ஊரறிந்த ஒரு தொடரை அச்சுப் பிசகாமல் புதிய இடத்தில் உட்கார வைப்பது எனக்கு எப்போதும் உயர்ந்ததாகப் படுகிறது. யாரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்பதை எல்லோரும் அறிவோம். கணக்கு இதுதான்: 33⅓ சுற்றுத் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. ஊசி ஒரே பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் 1.8 நொடிக்கு ஒருமுறை அதே சொல் வரும். 78 சுற்றுத் தட்டில் முக்கால் நொடிக்குச் சற்றுக் கூடுதல். செக்குமாட்டை நினைத்தால் 'செக்குத்தட்டு' என்ற பெயர் கிடைக்கும். சொன்னதையே சொல்லும் ஆளுக்கும் இது பொருந்தும், ஆனால் அங்கே 'கீறல்' நன்றாகவே வேலை செய்கிறது. நடப்பில் இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு நம் சொல்லை நுழைக்கப் பார்ப்பது வீண்வேலை. செக்குத்தட்டைத் தட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

மூன்றரை அங்குலப் பிளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். 1.44 எம்பி என்று அட்டையில் போட்டது இதைத்தான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூடப் பெரும்பாலும் இதில் அடங்காது. அப்படிப்பட்ட பொருளின் உருவம்தான் பல மென்பொருள்களில் இன்றும் 'சேமி' என்பதன் சின்னம். கையில் ஒன்றும் இல்லாமல் சேமிப்புக்கு அடையாளமாக நிற்பதால் 'சேமிப்பாண்டி'. ஆண்டி என்ற விகுதி மலையாண்டியில் இருப்பது, பொருளோ ஓட்டாண்டியில் இருப்பது. இரண்டும் சேர்ந்து வருகிறது.

இதன் பூட்டும் விசித்திரமானது. மூலையில் உள்ள சிறு சதுரத் துளை திறந்திருந்தால் எழுத முடியாது, நகர்த்தி மூடினால் எழுதலாம். முந்தைய ஐந்தேகால் அங்குலப் பிளாப்பியில் நேர்மாறு: ஓரத்து வெட்டை ஒட்டி மூடினால் எழுத முடியாது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர்கள் எழுதக் கூடாத வட்டில் எழுதித் தொலைத்த கோப்புகள் ஏராளம். இங்கே பெயரைவிட விடுகதையே பொருத்தம்: "திறந்தால் பூட்டு, மூடினால் திறப்பு, அது என்ன?" பெயராக ஒடுங்க மறுக்கும் பொருளை விடுகதையாக்கிவிடுவது நல்ல உத்தி. 'திறந்தால்பூட்டு' என்று விடுகதையின் முதல் பாதியே பிறகு பெயராகிவிடும்.

ஓசையிலிருந்து எடுப்பது

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தந்த டயல்-அப் மோடம் இணைப்புக்கு முன்னால் எழுப்பிய கூச்சல் ஒழுங்கில்லாத சத்தம் போலத் தோன்றினாலும் ஒழுங்கானது. எண் சுழற்றும் ஒலி, மறுமுனை எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒற்றைச்சுருதி, பிறகு இரு பக்கமும் கம்பியின் தரத்தைச் சோதித்து எந்த வேகத்தில் பேசலாம் என்று முடிவெடுக்கும் இரைச்சல். 1998-இல் வந்த வி.90 முறையில் உச்சவேகம் நொடிக்கு 56 கிலோபிட். முழுவேகம் கிடைத்தாலே 1 எம்பி இறங்க இரண்டரை நிமிடம்.

இதற்குக் 'கீச்சு' என்றால் ஆகாது, அந்தச் சொல் ட்விட்டருக்குப் போய்விட்டது. கத்தித் திறப்பதால் 'கத்திக்கதவு' என்றால் வெட்டும் கத்தி குறுக்கே வருகிறது. தமிழில் ஓசைக்கென்றே ஒரு வால் உண்டு: ரீங்காரம், ஓங்காரம். அதே வாலை ஒட்டினால் 'கீங்காரம்'. "கீங்காரம் முடிஞ்சாத்தான் நெட்டு வரும்." பெற்றோர் இன்னோர் அறையில் போனை எடுத்தால் அறுந்துபோகும் அந்த இணைப்பு, தொட்டாற்சிணுங்கியின் அச்சில் 'எடுத்தாற்சிணுங்கி'. இந்த அச்சு ரொம்ப நெகிழ்வானது. கீறல் பட்டதும் திக்கும் சீடி 'கீறினாற்சிணுங்கி' ஆகலாம். ல் இங்கே ற் ஆவதைக் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய சொல்லின் சாயல் போய்விடும்.

எதிரொலிச் சொல்லும் கைகொடுக்கும். "கேசட்டு கீசட்டு", "பிளாப்பி கிளாப்பி". முதலெழுத்து குறிலானால் கி, நெடிலானால் கீ. என்னவென்று சரியாகத் தெரியாத மின்சாமான் குவியலுக்கு இது போதும். கீபோர்டுக்கு மட்டும் நடக்காது, அதுவே கீ-இல்தான் தொடங்குகிறது.

தட்டச்சுப் பொறியைப் பற்றி ஒன்று மட்டும். தமிழ்ப் பொறியில் புள்ளிக்கும் இகர, ஈகார விசிறிகளுக்கும் உரிய விசைகளை அடித்தால் தாளைத் தாங்கிய வண்டி நகராது. அதனால் முதலில் புள்ளி, பிறகு எழுத்து என்று அடிக்க வேண்டும்; 'க்' என்பதற்கு முதலில் தாளில் விழுவது புள்ளி. வண்டியை நகர்த்தாத அந்த விசை 'நகராவிசை'. கோயில் முரசுக்கும் நகரா என்றே பெயர் என்பதால் அடிப்பதும் பொருந்திவிடுகிறது.

சோதனை

கட்டிய சொல்லை முதலில் வேற்றுமை உருபுகளோடு சொல்லிப் பாருங்கள்: அணைபொட்டை, அணைபொட்டுக்கு, அணைபொட்டில். நாக்கு தடுமாறினால் தூக்கிப் போடுங்கள். ஆறேழு எழுத்தைத் தாண்டினால் சுருக்குங்கள். எடுத்தாற்சிணுங்கி நீளமாக இருந்தும் தாக்குப்பிடிப்பது, அதில் பாதி எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த சொல் என்பதால்தான். அடுத்து அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியிலும் அதே சொல் வேறு பொருளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழம்பொருள் இருந்தால் இரண்டு வாய்ப்பு: காதற்ற ஊசி போலத் துணை நிற்கும், அல்லது கத்திக்கதவு போலக் காலை வாரும். வசைச்சொல்லோ உடற்குறையைக் கேலி செய்யும் சொல்லோ ஒலியில் ஒளிந்திருக்கிறதா என்பதை வேறு வட்டார வழக்குப் பேசும் ஒருவரிடம் கேட்டுத்தான் அறிய முடியும்.

கடைசியாக, விளக்கம் சொல்லாமல் ஒரு வாக்கியத்துக்குள் வைத்துப் போனில் சொல்லுங்கள். முகபாவமும் கையசைவும் உதவாத இடம் அது. கேட்டவர் "என்னது?" என்று திரும்பக் கேட்பது தோல்வி இல்லை. விளக்கம் கேட்ட பிறகு அவர் தன் வாக்கியத்தில் அதே சொல்லைப் போடுகிறாரா என்பதுதான் கவனிக்க வேண்டியது. "நல்லா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் பழையபடி "டேப் சிக்கிடுச்சு" என்றால் சொல் விழுந்துவிட்டது.

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அட்டையில் நான்கு வரி எழுதி வைப்பது பயனுள்ளது: கை, காது, கோளாறு, இரண்டாவது வேலை. சீடிக்கு நான்காவது வரிதான் பெயர் தந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்டால் வெளிச்சம் தெறித்துப் பறவைகள் ஒதுங்கும், ஆகவே 'காக்காவிரட்டி'. படச்சுருள் கேமராவில் 36 படத்துக்கான சுருளைச் சிக்கனமாக மாட்டினால் முப்பத்தேழாவதும் ஒன்று கிடைத்துவிடும். அது 'கை' என்ற வரியில் வந்தது. எதிர்பாராத சின்ன வரவு எதையும் 'முப்பத்தேழாவது' என்று சொல்லிப் பாருங்கள், கேமராவே இல்லாத இடத்திலும் ஓடும். ஓரத்தில் துளையிட்ட கணினித்தாளைக் கிழித்தால் மிஞ்சும் நீளப்பட்டை 'துளைவால்'.

இந்த அட்டையைக் கருவி புழக்கத்தில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். போன பிறகு பயன் மட்டும்தான் நினைவில் இருக்கும், கோளாறு மறந்துவிடும். 3.5 மில்லிமீட்டர் செருகியோடு வரும் கம்பி இயர்போனைப் பல கைபேசிகள் இப்போதே கைவிட்டுவிட்டன. அதன் அட்டையை இன்றே எழுதலாம். கை: பையில் போட்டால் முடிச்சு. கோளாறு: செருகிக்குப் பக்கத்தில் கம்பி விண்டு போவது. காது வரிக்கு அதைப் பாதி மட்டும் செருகிக் கேளுங்கள். இரண்டு காதுக்கும் பொதுவான தரைக்கம்பித் தொடர்பு விட்டுப்போனால், இடவலப் பக்கங்களின் வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். இரண்டிலும் சமமாக இருக்கும் பாடகர் குரல் காணாமல் போய், வாத்தியங்கள் மட்டும் தூரத்தில் ஒலிக்கும். 'பாடகர்விழுங்கி' என்று எழுதி, எந்த அளவு செருகினால் குரல் மறைகிறது என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.